ஒரு நாள் யோகம் போதாது!

ஆண்டுதோறும் ஜூன் 21-ம் தேதி சர்வதேச யோகா தினம் நாடெங்கும் விமரிசையாகக் கொண்டாடப்படுகிறது. 2015-ல் தில்லியில், அப்போது ராஜபாதை என்று அழைக்கப்பட்ட சாலையில் நடைபெற்ற முதலாவது நிகழ்ச்சியில் 35,985 பேர் ஒரே நேரத்தில் யோகாசனங்களைச் செய்து கின்னஸ் சாதனை படைத்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2025-ல் விசாகப்பட்டினம் கடற்கரையில் நடந்த விழாவில் சுமார் 3 லட்சம் பேர் பங்கேற்றதாக அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால், அந்த விழாக்களில் பாய் விரித்து அமர்ந்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் காலையிலும் பாய் விரித்தார்கள் என்கிற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை.

யோகக் கலைக்கு உலக அரங்கில் கிடைத்திருக்கும் ஏற்பு சாதாரணமானதல்ல. 2014 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் பிரதமர் நரேந்திர மோடி முன்வைத்த யோசனை, மூன்றே மாதங்களில், டிசம்பர் 11-ம் தேதி தீர்மானமாக நிறைவேறியது. 177 நாடுகள் அதை வழிமொழிந்தன. 2016-ல் யுனெஸ்கோ அமைப்பு, மனித குலத்தின் தொட்டுணர முடியாத பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் யோகாவைச் சேர்த்தது. உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. யோகம் பிறந்த மண்ணில் அது மக்களின் அன்றாட வாழ்க்கையில் எந்த அளவுக்கு இடம் பிடித்திருக்கிறது என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்விக்கு இன்று இருக்கும் அவசரம் முன்பு எப்போதும் இருந்ததில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயாளிகள். மேலும் 13.6 கோடிப் பேர் அந்நோயின் வாசலில் நிற்கிறார்கள். பெரியவர்களில் 35.5 சதவிகிதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்வது தெரியவந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை கிடைப்பதே இல்லை என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு புள்ளிவிவரமும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் இந்தியாவின் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் உடலுக்குப் போதிய உழைப்பு தரவில்லை. ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். வீட்டு வேலை முடிந்து நடைப்பயிற்சிக்குச் செல்ல நேரமில்லாத, நேரம் கிடைத்தாலும் பாதுகாப்பான பூங்காவோ நடைபாதையோ இல்லாத பெண்களின் நிலையைத்தான் இந்த வேறுபாடு காட்டுகிறது. ஒரு பாயும் ஆறடி இடமும் அரைமணி நேரமும் மட்டுமே கேட்கும் யோகாசனம், இத்தகைய நாட்டுக்கு எத்தனை பொருத்தமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யோகாசனங்கள் செய்யும் வேலை மர்மமானதல்ல. தாடாசனமும் விருட்சாசனமும் கால் தசைகளை வலுப்படுத்தி, உடலின் சமநிலையைக் காக்கின்றன. தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயத்திலுள்ள முதியவர்களுக்கு இது பெரிய உதவி. புஜங்காசனமும் சலபாசனமும் நாள் முழுவதும் நாற்காலியில் குனிந்து அமர்ந்திருப்போரின் முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டுகின்றன. திரிகோணாசனமும் வக்ராசனமும் முதுகெலும்பை எல்லாத் திசைகளிலும் வளைக்கவும் திருப்பவும் பழக்குகின்றன. இவற்றில் எதற்கும் கருவி தேவையில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டியதும் இல்லை.

சாதாரண உடற்பயிற்சியிலிருந்து யோகாசனத்தைப் பிரித்துக் காட்டுவது மூச்சு. நிமிடத்துக்கு பதினைந்து முறைக்கு மேல் ஓடும் மூச்சு, ஐந்தாறு முறையாக நிதானப்படும்போது இதயத் துடிப்பு சீராகிறது. உடலை எப்போதும் போர்முனையில் நிறுத்தி வைத்திருக்கும் நரம்பு மண்டலம் ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. மனம் அமைதியடைகிறது என்று முன்னோர் சொன்னதை உடலியல் இன்று தனது மொழியில் விளக்குகிறது. பதற்றம், தூக்கமின்மை, காரணம் தெரியாத சோர்வு ஆகியவற்றால் அவதிப்படுவோருக்கு யோகப் பயிற்சி ஆறுதல் தருவது இதனால்தான்.

இதையெல்லாம் சோதனைச்சாலையில் நிறுத்திப் பார்க்கும் முயற்சியும் இந்தியாவிலேயேதான் தொடங்கியது. 1924-ல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், யோகப் பயிற்சிகளின்போது உடலுக்குள் நிகழும் மாற்றங்களை எக்ஸ்-ரே கருவியின் துணையுடன் ஆராய்ந்தார். முடிவுகளை வெளியிட ஓர் இதழையும் அதே ஆண்டில் தொடங்கினார். 1969-ல் மும்பையைச் சேர்ந்த இதயநோய் நிபுணர் கே.கே. தாத்தேயும் அவரது சகாக்களும், உயர் ரத்த அழுத்தமுள்ள 47 நோயாளிகளுக்கு சவாசனப் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். பலருக்கு ரத்த அழுத்தம் குறைந்ததையும் மருந்தின் அளவைக் குறைக்க முடிந்ததையும் பதிவு செய்தனர். அசையாமல் படுத்திருப்பதும் ஒரு சிகிச்சையாகலாம் என்பதை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கிய காலம் அது.

அண்மைக்கால ஆய்வுகள் இன்னும் கறாரானவை. நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்பாகப் பரிந்துரைக்கத் தக்க வழிகளில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் தனது வழிகாட்டு நெறிகளில் சேர்த்தது. ஒற்றைத் தலைவலி நோயாளிகளுக்கு மருந்துடன் யோகப் பயிற்சியும் சேரும்போது, மருந்து மட்டும் உட்கொள்வோரைவிட அதிகப் பலன் கிடைப்பதாக தில்லி எய்ம்ஸ் மருத்துவர்களின் ஆய்வு 2020-ல் தெரிவித்தது.

அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் நடத்தப்பட்ட அந்த ஆய்வில், யோகப் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தனர். பழைய அன்றாடப் பணிகளுக்கு எளிதில் திரும்பினர். ஆனால், மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லத் தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு முடிவுகளையும் ஒளிக்காமல் சொன்னதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. யோகாவால் எது ஆகும், எது ஆகும் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று பிரித்துச் சொல்லும் நேர்மை, யோகாவுக்குப் பெருமை சேர்க்குமே தவிர, சிறுமை சேர்க்காது.

இந்த நேர்மை சந்தையில் இல்லை என்பதுதான் வேதனை. நீரிழிவை வேரோடு அகற்றும் ஆசனம், புற்றுநோயைக் கரைக்கும் மூச்சுப்பயிற்சி, மாத்திரைகளைத் தூக்கியெறியச் சொல்லும் முகாம்கள் என்று தொலைக்காட்சியிலும் கைப்பேசித் திரையிலும் வாக்குறுதிகள் நிரம்பி வழிகின்றன. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டிலேயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்துவிட்டது. சட்டம் இருந்தும், இந்திய மருத்துவச் சங்கம் உச்சநீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2024-ல் பதஞ்சலி ஆயுர்வேத நிறுவனம், தவறான விளம்பரங்கள் தொடர்பாக நீதிமன்றத்திலும் நாளிதழ்களிலும் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அந்த வழக்கு மருந்து விளம்பரங்களைப் பற்றியது. ஆனால், அதன் பாடம் யோகா வகுப்புகளுக்கும் பொருந்தும். இன்சுலினை நிறுத்திவிட்டு மூச்சுப்பயிற்சியை மட்டும் நம்பும் ஒரு நோயாளி, சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்தான நிலையை அடையக்கூடும். மருந்துக்குத் துணை நிற்கும் ஒன்றை மருந்துக்கு மாற்று என்று விற்பது யோகாவுக்குச் செய்யும் சேவையல்ல, துரோகம். சேவைகள் குறித்த பொய் விளம்பரங்களுக்கும் அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. அந்த அதிகாரம் யோகாவின் பெயரால் நடக்கும் மோசடிகளின்மீதும் தயங்காமல் பயன்படுத்தப்பட வேண்டும்.

ஆசனம் எல்லோருக்கும் ஒன்றுபோல் ஏற்றதுமல்ல. சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பதை சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிளாகோமா எனப்படும் கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது பார்வையையே பறிக்கக்கூடிய ஆபத்து. கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளோர் தலைகீழ் ஆசனங்களையும், முதுகெலும்புத் தட்டு விலகியவர்கள் ஆழமாக முன்னால் குனியும் ஆசனங்களையும், கர்ப்பிணிகள் வயிற்றை அழுத்தும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும். இதைச் சொல்லித் தருவதற்குத்தான் ஆசிரியர் தேவை. திரையைப் பார்த்துத் தானே செய்து கொள்பவரின் கழுத்து வலியைத் திரை அறியாது.

ஆனால், ஆசிரியர் யார் என்பதை நிர்ணயிக்க நாட்டில் உறுதியான சட்டம் இல்லை. ஆயுஷ் அமைச்சகத்தின் யோகா சான்றளிப்பு வாரியம் 2018 முதல் செயல்படுகிறது. எனினும், அதனிடம் சான்று பெறுவது விருப்பத்தைப் பொறுத்ததே தவிர, கட்டாயமல்ல. 2020-ல் இந்திய மருத்துவ முறைகளுக்கென தேசிய ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டபோது, ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா-ரிக்பா ஆகியவை அதன் கீழ் வந்தன. யோகாவும் இயற்கை மருத்துவமும் விடுபட்டன. உலகுக்கே யோகாவைக் கற்றுக்கொடுப்பதாகப் பெருமைப்படும் நாட்டில், சில வாரப் பயிற்சி முடித்தவரும் 'யோகா குரு' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது.

முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் இப்படி உருவானவர்கள் அல்லர். மைசூர் மகாராஜாவின் ஆதரவில் 1930-களில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்திய திருமலை கிருஷ்ணமாச்சார்யா, பின்னர் சென்னையில் குடியேறி, ஒவ்வொரு மாணவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை வகுத்துத் தந்தார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், இளமையில் நோயாளியாக இருந்தவர். புணேயில் தங்கி, வளைய முடியாத உடல்களுக்கும் கயிறு, பலகை, தலையணை ஆகியவற்றின் உதவியால் ஆசனத்தை எட்டச் செய்தவர். திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் பிறந்து, மலேயாவில் மருத்துவராகப் பணியாற்றிய சுவாமி சிவானந்தர், ரிஷிகேசத்தில் தமது அமைப்பை நிறுவியபோது, மருத்துவ அறிவையும் யோக அறிவையும் எதிரிகளாகப் பார்க்கவில்லை. மாணவரின் உடலை அறிந்து கற்பிப்பதே அந்த மரபு. லட்சம் பேரை ஒரே மைதானத்தில் அமர்த்தி ஒலிபெருக்கியில் ஆணையிடுவது அதன் நீட்சியாகாது.

பள்ளிகளின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, உடல்நலம் மற்றும் உடற்கல்விப் பாடத்தின் ஒரு பகுதியாக யோகாவைச் சேர்த்தது. 2015-ல் என்.சி.இ.ஆர்.டி. யோகா பாடநூல்களையும் வெளியிட்டது. 8-ம் வகுப்பு வரை யோகாவைக் கட்டாயப் பாடமாக்கக் கோரிய மனுக்களை 2017-ல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. பள்ளிகளில் எதைக் கற்பிப்பது என்பது அரசின் கொள்கை முடிவு என்றது. கட்டாயம் தேவையில்லைதான். ஆனால், கற்க விரும்பும் மாணவனுக்கு வாய்ப்பாவது இருக்க வேண்டாமா? 100 பேருக்கு மேல் படிக்கும் நடுநிலைப் பள்ளிகளில் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படாத பள்ளிகளிலும், தேர்வு நெருங்கும்போது விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியருக்குத் தாரை வார்க்கும் பள்ளிகளிலும் யோகா பாடநூல் அலமாரியில்தான் உறங்கும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். 2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் சுகாதார, நல்வாழ்வு மையங்கள் 2023-ல் 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பெயர் மாற்றம் பெற்றன. நோய்க்கு மருந்து தருவதோடு நில்லாமல் நோய் வராமல் காப்பதும் அவற்றின் நோக்கம். யோகா வகுப்புகளும் அவற்றின் பணிகளில் அடங்கும். கிராமத்துப் பெண் ஒருவர் நீரிழிவுக்கு மாத்திரை வாங்க வரும் அதே இடத்தில் யோகாவும் கற்றுக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால், பல மாநிலங்களில் யோகா பயிற்றுநர்கள் பகுதிநேர மதிப்பூதியத்தில்தான் அமர்த்தப்படுகிறார்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவர், பத்தாண்டு நீடிக்கும் நோய்க்கு எப்படித் தொடர் பயிற்சி தர முடியும்?

யோகாவைச் சூழ்ந்திருக்கும் மதச் சர்ச்சையும் தேவையற்றது. 2015-ல் சிறுபான்மை அமைப்புகள் சில எதிர்ப்புத் தெரிவித்தபோது, யோகா தினத்துக்கான பொதுப் பயிற்சி முறையில் சூரிய நமஸ்காரம் சேர்க்கப்படவில்லை. அது விவேகமான முடிவு. ஐ.நா. தீர்மானத்தை வழிமொழிந்த நாடுகளில் இஸ்லாமிய நாடுகளும் கணிசமாக இருந்தன. சவூதி அரேபியா 2017-ல் யோகாவை ஒரு விளையாட்டுப் பயிற்சியாக அங்கீகரித்தது. அங்கு யோகாவைப் பரப்பிய நூஃப் மர்வாய் என்ற பெண்மணிக்கு இந்தியா 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. கட்சி அரசியலுக்கும் இங்கு இடமில்லை. சிறையில் சிரசாசனம் பழகியதை ஜவாஹர்லால் நேரு தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தலைநகரிலுள்ள தேசிய யோகா நிறுவனம் மொரார்ஜி தேசாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மந்திரம் சொல்ல விரும்புபவர் சொல்லட்டும். விரும்பாதவர் மௌனமாக மூச்சு விடட்டும். இருவருடைய முதுகெலும்பும் ஒன்றுபோல்தான் பலன் பெறும்.

ஆசனமே யோகம் என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அகிம்சை, வாய்மை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை ஆகியவை அதற்கு முன்னே நிற்கின்றன. யோக சூத்திரம் ஆசனத்துக்கு ஒதுக்கியது மிகச் சில வரிகளையே. பிற்காலத்து ஹடயோகப் பிரதீபிகைகூட 15 ஆசனங்களைத்தான் விளக்குகிறது. உடலை எத்தனை விதமாக வளைக்க முடியும் என்ற போட்டியாகவும், விலையுயர்ந்த உடையும் பாயும் விற்கும் வணிகமாகவும் அது சுருங்கிப்போனால், இழப்பு மனத்துக்குத்தான். ஆசன வரிசை ஒன்றுக்குப் பதிப்புரிமை கோரிய வழக்கில், அது யாருடைய தனிச்சொத்தும் ஆகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்து என்றால் அதைப் பேணும் பொறுப்பும் பொதுவானதுதான்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. யோகா ஆசிரியர்களுக்குத் தகுதியை வரையறுத்துப் பதிவைச் சட்டப்பூர்வமாக்க வேண்டும். ஒவ்வொரு ஆரோக்கிய மந்திரிலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு நிலையான ஊதியத்தில் பணி தர வேண்டும். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் அவர்களுக்கு வசதியான நேரத்தில் தனி வகுப்புகள் வேண்டும். வகுப்புக்கு வருவோரின் ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் மருத்துவரின் மேற்பார்வையில் பதிவு செய்யப்பட வேண்டும். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவாக மட்டுமே இருக்க வேண்டும். பள்ளிகளில் வாரம் இரண்டு வகுப்புகளாவது யாரும் பறிக்க முடியாதபடி ஒதுக்கப்பட வேண்டும். பெரிய அளவிலான ஆய்வுகளுக்கு அரசு நிதி அளித்து, சாதகமான முடிவுகளைப் போலவே பாதகமான முடிவுகளையும் வெளியிட வேண்டும்.

மைதானத்தில் கூட்டம் கூட்டுவது எளிது. ஒரு கிராமத்தில் முப்பது பேரை ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வரவழைப்பது கடினம். ஆனால், நோயைத் தடுப்பது அந்த முப்பது பேர்தான். ஜூன் 21-ல் எத்தனை பேர் பாய் விரித்தார்கள் என்று எண்ணும் அரசு, அவர்களில் எத்தனை பேர் டிசம்பர் 21-லும் விரித்தார்கள் என்று எண்ணத் தொடங்கட்டும். கின்னஸ் புத்தகத்தில் அந்தக் கணக்குக்கு இடமிருக்காது. நாட்டின் ஆரோக்கியத்தை அளப்பது அந்தக் கணக்குத்தான்!